ஓல்டம், 1947: ஒரு மேடைச் சண்டை உயிரை எடுத்தது எப்படி?

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஓல்டம் என்று ஒரு பஞ்சாலை ஊர். அங்குள்ள கொலீசியம் அரங்கில் 1947 ஜனவரிக் கடைசியில் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம் நடந்தது. அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கும் மெக்பெத்தாக நடித்தவர் ஹெரால்டு நார்மன். நாடகத்தின் கடைசி வாள்சண்டையில், மெக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃப் வேடம் கட்டிய சக நடிகரின் வாள் நிஜமாகவே அவர் உடம்பில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றின் உள்ளுறையில் தொற்று பரவி, சில வாரங்கள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது சாபக் கதைதான். ‘மெக்பெத்’ என்ற பெயரை அரங்குக்குள் சொல்லக் கூடாது, ‘ஸ்காட்லாந்து நாடகம்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ஆங்கில நாடக உலகின் பழைய நம்பிக்கை. நார்மன் அதை மதிக்கவில்லை, அதனால்தான் போனார் என்பார்கள். அவருடைய ஆவி கொலீசியத்தில் உலவுகிறது என்பார்கள். இந்தச் சாபத்துக்கு மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படும் மரணம் ஒன்று உண்டு: 1606-ல், முதல் நிகழ்ச்சியில் சீமாட்டி மெக்பெத்தாக நடிக்க இருந்த சிறுவன் திடீரென்று இறந்தான் என்று. அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாக்ஸ் பீர்போம் என்ற விமர்சகர் கட்டிவிட்ட கதை. அப்படி ஒரு சிறுவன் இருந்ததற்கே ஆதாரம் கிடையாது.

மேடைச் சண்டை அமைப்பவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சாபக் கதையின் மேல் கோபம் உண்டு. பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் மருந்தை யார் கலந்தார், எப்படிக் கலந்தார், பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறோம். நாடக மேடையும் வேலை செய்யும் இடம்தான். அங்கே ஒருவர் வேலை நேரத்தில், சக ஊழியரின் கையிலிருந்த கருவியால் குத்துப்பட்டு இறந்திருக்கிறார். ஆவியையும் சாபத்தையும் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் காட்சி நடிகர்களிடம் என்ன வேலை வாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பிரதி. மெக்பெத்தாக நடிப்பவர் நான்காம் அங்கத்தின் முதல் காட்சி முடிந்ததும் உள்ளே போய்விடுவார். அப்புறம் ஐந்தாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில்தான் திரும்பி வருவார். நீண்ட இடைவெளி. உடம்பு ஆறிப்போகும், தசைகள் இறுகும். வந்த பிறகோ மூச்சுவிட நேரமில்லை. பெரிய பெரிய வசனங்கள், மனைவி இறந்த செய்தி, போர் மூளுதல். உடனே இளைய சிவார்டு என்ற வாலிபனோடு ஒரு சண்டை. அவனைக் கொன்ற கையோடு மக்டஃபோடு சண்டை. அதுவும் ஒரே சண்டையாக இல்லை. முதலில் ஒரு சுற்று மோதுகிறார்கள். நடுவில் நின்று பேசுகிறார்கள். சூனியக்காரிகளிடம் கேட்ட குறியை நம்பி, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தன்னைக் கொல்ல முடியாது என்று மெக்பெத் மார்தட்ட, தான் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று மக்டஃப் சொல்கிறான். மெக்பெத் நொறுங்கிப்போய், சண்டை போட மாட்டேன் என்கிறான். பிடிபட்டு ஊருக்கு வேடிக்கைப் பொருளாவதை நினைத்ததும் மறுபடி வாளை எடுக்கிறான். இரண்டாம் சுற்று. சாவு.

ஆக, நாடகத்தின் முடிவில், களைத்த உடம்போடு, இரண்டு எதிராளிகளுடன் அடுத்தடுத்து மூன்று மோதல்கள். முதல் சுற்றில் மூச்சு வாங்க வாங்க வாள் வீசியவர் அடுத்த நொடியே செய்யுள் வசனத்தைப் பின் வரிசை வரை கேட்கும்படி பேச வேண்டும். கனமான அங்கி, ஒருவேளை தலைக்கவசமும் இருக்கும். போர்க்களம் என்பதால் வெளிச்சத்தைக் குறைத்திருப்பார்கள். ‘மெக்பெத்’தில் விபத்துகள் அதிகம் என்று சொல்கிறவர்கள் இவ்வளவையும் கூட்டிப் பார்த்தாலே போதும்.

அடுத்தது, அந்தக் கால நாடகக் குழுக்கள் வேலை செய்த முறை. அன்றைய இங்கிலாந்தின் சிறுநகர அரங்குகள் பலவற்றில் நிரந்தர நடிகர் குழு ஒன்று இருக்கும். வாரத்துக்கு ஒரு நாடகம். இரவில் இந்த வார நாடகத்தை நடிப்பார்கள், பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். ஓல்டமும் அப்படிப்பட்ட குழுவின் வீடுதான். வசனத்தைத் தலையில் ஏற்றவே நேரம் போதாத முறை இது. வசனம் மறந்தால் பக்கத்திரையின் ஓரத்திலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுக்கலாம். வாள் வீச்சு மறந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. வசனத்தை மூளை நினைவில் வைக்கிறது. சண்டையை உடம்பு நினைவில் வைக்க வேண்டும். உடம்பின் நினைவு நாள் கணக்கில் மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது.

இதற்கு முந்தைய தலைமுறைகள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருந்தன. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களில் வாள் தெரிந்தவர்கள் உண்டு. பெயர்பெற்ற கோமாளி நடிகர் ரிச்சர்டு டார்ல்ட்டன் 1587-ல் வாள்வித்தை ஆசானாகவே பட்டம் பெற்றவர். பார்வையாளர்களுக்கும் வாள் தெரியும், ஏமாற்ற முடியாது. பின்னால், 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போன ஆங்கில நடிகர்களிடம் பொதுச் சண்டைப் பாடங்கள் இருந்தன. ‘ரவுண்ட் எய்ட்ஸ்’, ‘கிளாஸ்கோ டென்ஸ்’ என்று பெயர் சொன்னாலே போதும். முன்பின் பார்த்திராத இரண்டு நடிகர்கள் அன்று இரவே அதை மேடையில் போட்டுவிடுவார்கள். எட்டு அடி, பத்து அடி என்று எண்ணி வைத்த வரிசை, இருவருக்கும் மனப்பாடம். எல்லா நாடகத்திலும் ஒரே சண்டைதான், பார்க்கக் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்த வீச்சு எங்கே வரும் என்று இருவருக்குமே தெரியும். யதார்த்த நடிப்பு வந்தபோது இந்தப் பாடங்கள் பழைய சரக்காகிப் போயின. உண்மையாகத் தோன்றும் சண்டைதான் வேண்டும் என்றார்கள். அதை அமைத்துக் கொடுக்கும் தொழில் இன்னும் ஒரு தொழிலாக நிற்கவில்லை. 1947 அந்த இடைவெளிக்குள் விழுகிறது.

வாள் என்ற கருவிக்கு வருவோம். மேடைக் கத்தி என்றால் மழுங்கிய கத்தி, அதனால் ஆபத்தில்லை என்று நம்மிலும் பலர் நினைக்கிறார்கள். வெட்டுக்கு அது ஓரளவு சரி. குத்துக்கு அது பொருந்தாது. கூர் இல்லாத நுனியும் சிறிய நுனிதான். ஓடி வரும் ஒரு மனிதனின் முழு எடையும் அந்தச் சிறிய பரப்பின் வழியாக இறங்கினால் துணி தாங்காது, வயிற்றுச் சதை தாங்காது. நெஞ்சுக்காவது விலா எலும்பு இருக்கிறது, வயிற்றுக்கு எதுவும் இல்லை. அதனால்தான் எங்கள் தொழிலில் பாதுகாப்பை வாளிடம் விட்டுவைப்பதில்லை. வாள் எப்போதும் ஆபத்தானது என்று வைத்துக்கொண்டு, தூரத்தையும் திசையையும்தான் நம்புகிறோம்.

தூரம் என்றால் இது: தாக்குபவர் கையை முழுதாக நீட்டி, முன்காலில் எடை போட்டுப் பாய்ந்தாலும், நுனி எதிராளியின் உடம்பிலிருந்து ஒரு சாணாவது தள்ளி நிற்க வேண்டும். பார்வையாளர் இருக்கையிலிருந்து அந்த இடைவெளி தெரியாது. திசை என்றால், குத்து எப்போதும் உடம்புக்கு வெளியே, இடுப்புக்குப் பக்கவாட்டில் உள்ள காற்றை நோக்கித்தான் போகும். எதிராளி தடுக்க மறந்தாலும் வாள் வெறுமனே கடந்து போகும். தடுப்பு என்பது பார்ப்பவர்களுக்காக. தடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்ற நிலையில் ஒரு வீச்சை அமைத்தால், அது சண்டை அமைப்பே அல்ல.

ஒரு மெக்பெத்–மக்டஃப் சண்டையை என்னிடம் கொடுத்தால் முடிவிலிருந்துதான் தொடங்குவேன். மெக்பெத் எந்த இடத்தில் விழுகிறான்? கடைசிக் குத்தை அரங்கின் எந்தப் பக்கம் பார்க்கும்? முன்பக்கம் மட்டும் திறந்த மேடை என்றால், குத்து பார்வையாளருக்கு மறைவான பக்கத்தில் நடக்கும். மெக்பெத் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். வாள் அவருடைய மறுபுறக் கைக்கும் விலாவுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் போகும். மக்டஃப் கையை நிறுத்திவிடுவார். அந்த அதிர்ச்சியை, உடம்பு மடங்குவதை, மூச்சு நின்றுபோவதை மெக்பெத்தே செய்வார். குத்துப்படுபவர்தான் குத்தை நடத்துகிறார். கழுத்தை நெரிக்கும் காட்சியிலும் முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியிலும் இதே முறைதான்: வலியை வாங்குபவர் கையில்தான் கடிவாளம் இருக்கும்.

முடிவு அமைந்த பிறகு முதல் சுற்றுக்கு வருவேன். இங்கே மெக்பெத் தனக்குச் சாவே கிடையாது என்று நம்புகிறான். அப்படி நம்புகிறவன் எப்படிச் சண்டை போடுவான்? காவலைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். அகலமாக வீசுவான். எதிராளிக்கு முதுகைக்கூடக் காட்டுவான். மக்டஃபின் மனைவி, பிள்ளைகளைக் கொல்லச் சொன்னவன் அவன். மக்டஃபைக் கொல்ல மெக்பெத்துக்கு மனமும் இல்லை, உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என்மேல் நிறைய இருக்கிறது, விலகிப் போ என்கிறான். மக்டஃபோ வெறியில் இருக்கிறான். இந்த வெறியைத்தான் பார்வையாளர் பார்க்க வேண்டும். நடிகருக்குள் அது துளியும் கூடாது. எனவே அவருக்குச் சின்னச் சின்னத் தொடர்களாகக் கொடுப்பேன்: மூன்று அல்லது நான்கு வீச்சு, ஒரு நிறுத்தம், சுற்றி வருதல், மறுபடி மூன்று. வேகம் வீச்சில் இல்லை, நிறுத்தத்துக்கும் பாய்ச்சலுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. அந்த நிறுத்தங்களில்தான் மெக்பெத்தாக நடிப்பவர் அடுத்து வரும் வசனத்துக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்வார்.

உண்மை தெரிந்த பிறகு வரும் இரண்டாம் சுற்று வேறு மனிதனின் சண்டை. வீச்சு குறுகும், காலடி நெருங்கும். தோற்கப்போவது தெரிந்தும் விடாமல் நிற்பவனின் சண்டை அது. முதல் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் ஒரே மாதிரி அமைத்தால் நாடகமே அந்த இடத்தில் செத்துவிடும்.

ஒவ்வோர் அசைவும் தாளில் எழுதப்படும். தாக்குபவர் என்ன செய்கிறார், எந்தக் காலில் நிற்கிறார், தடுப்பவர் எந்த எண் தடுப்பு எடுக்கிறார் என்று வரிசையாக. தலைக்கு மேலே வாளைக் குறுக்கே பிடிப்பது ஐந்தாம் தடுப்பு. பக்கவாட்டுகளுக்கு மற்ற எண்கள். முதல் ஒத்திகைகளில் வாளே கிடையாது, வெறும் கை. அப்புறம் வாளோடு, தண்ணீருக்குள் நடப்பது போன்ற வேகத்தில். பிறகு பாதி வேகம். நிகழ்ச்சியன்றுகூட முக்கால் வேகத்தைத் தாண்ட விட மாட்டேன். முழு வேகத்தில் போட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் புரியாது; நடிகருக்கோ திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

ஒரு வீச்சுக்குள்ளேயே மூன்று படிகள் உண்டு. தாக்குபவர் கையை ஓங்கி, கண்ணைப் பார்த்துச் சைகை காட்டுவார். தடுப்பவர் அசையத் தொடங்குவார். அவர் தயார் என்று தெரிந்த பிறகே வாள் இறங்கும். சிலம்பம், களரி கற்றவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம். நிஜச் சண்டையில் அடுத்த அடியை மறைப்பதுதான் வித்தை. மேடையில் அதை முன்கூட்டியே காட்ட வேண்டும், எதிராளிக்கும் பார்வையாளருக்கும். நல்ல சிலம்ப வீரர் மேடைக்கு வந்ததும் இதற்காகத் தன் உடம்போடு மல்லுக்கட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் காலடி அவர்களிடம் சுத்தமாக இருக்கும். தூரத்தைக் காப்பது காலடிதான் என்பதால் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியிருப்பார்கள்.

மறதிக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். அடுத்த வீச்சு நினைவுக்கு வரவில்லை என்றால் இருவரும் ஓரடி பின்வாங்கி, வாளைத் தாழ்த்தி, சுற்றி வர வேண்டும். முன்பே பேசிவைத்த சைகையோடு அடுத்த தொடரின் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். பார்வையாளருக்கு அது இரண்டு வீரர்கள் ஒருவரை ஒருவர் எடைபோடுவதாகத் தெரியும். இந்த ஏற்பாடு இல்லாத மேடையில் மறந்த நடிகர் என்ன செய்வார்? ஏதாவது செய்து சமாளிப்பார். அந்த ‘ஏதாவது’தான் ஆளைக் கொல்வது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், அன்றைக்கே, அதே மேடையில், அதே செருப்போடு சண்டையை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை நிகழ்ச்சி வேகத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். நூறாவது நிகழ்ச்சியானாலும் சரி. சண்டை அமைத்தவர் தினமும் வர முடியாது என்பதால் குழுவிலேயே ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படும். ஒத்திகையில் ஏதோ சரியில்லை என்று அவர் சொன்னால் அன்று அந்தச் சண்டை சுருங்கும், அல்லது நிற்கும். இயக்குநருக்கும் அதில் மறுபேச்சு கூடாது. வாள்களில் பிசிறு இருக்கிறதா, பிடி ஆடுகிறதா, தரையில் முந்தைய காட்சியின் செயற்கை ரத்தம் கிடக்கிறதா, ஒளி அமைப்பவர் ஒரு விளக்கைக் கூடுதலாகக் குறைத்துவிட்டாரா என்று பார்ப்பதும் அவர் வேலை. எதிராளியின் கண் தெரியாத இருட்டில் வாள்சண்டை கூடாது. இதில் நான் ஒளியமைப்பாளர்களோடு சண்டை போடவும் தயங்குவதில்லை.

பொருள்களைச் சரிபார்ப்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அண்மைய உதாரணம் உண்டு. 2008 டிசம்பரில் வியன்னாவின் புகழ்பெற்ற பர்க் அரங்கில் ஷில்லரின் ‘மேரி ஸ்டூவர்ட்’ நடந்தபோது, தன் கழுத்தை அறுத்துக்கொள்வதாக நடித்த நடிகருக்கு நிஜமாகவே கழுத்து அறுபட்டது. மழுங்கியிருக்க வேண்டிய கத்தி கூராக இருந்தது. ரத்தம் பீறிட்டதைப் பார்த்து, நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியதாகச் செய்திகள் வந்தன. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். எதிராளியே இல்லாத காட்சி அது, தூரம் தவற வழியில்லை. ஆனால் கத்தி மேசையிலிருந்து கைக்கு வரும்வரை உள்ள வழியில் ஒரு கண் இல்லாமல் போனது.

ஓல்டம் மரணத்துக்குப் பின் இந்தத் தொழில் மெல்லத்தான் உருப்பெற்றது. 1960-ல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் ஃபிராங்கோ ஸெஃபிரெல்லி இயக்கிய ‘ரோமியோ ஜூலியட்’டுக்குச் சண்டை அமைத்த வில்லியம் ஹாப்ஸ், மேடைச் சண்டையைக் கற்றுத்தரக்கூடிய ஒரு துறையாக்கியவர்களில் முக்கியமானவர். 1969-ல் பிரிட்டனில் சண்டை இயக்குநர்களுக்கென்று சங்கம் அமைந்தது. அமெரிக்காவில் 1977-ல். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் நாடக அரங்குக்கும் பொருந்தும் என்பதால், சண்டைக் காட்சியின் ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

நம் மரபில் இந்த எண்ணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கும். ‘பிரகலாத சரித்திர’த்தில் நரசிம்மராக வருபவர் விரதமிருந்து, பூசையில் வைத்த முகமூடியை அணிந்து வருகிறார். ஆவேசம் வந்து இரணியன்மேல் பாய்வார். அவரைச் சுற்றி நிற்பவர்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பார்க்கிற பக்தருக்கு அது தெய்வத்தின் உக்கிரம். எனக்கு அதோடு சேர்த்து இன்னொன்றும் தெரிகிறது: நடிகர் தன்னை மறக்கலாம் என்று அனுமதித்த மரபு, அவரைப் பிடித்து நிறுத்தும் கைகளையும் மேடையிலேயே வைத்திருக்கிறது. அட்டைக்கத்தி, மரக்கத்தி என்று நம் நாடகங்கள் வைத்திருந்ததும் ஒரு வகையில் அதே அக்கறைதான்.

இன்று நம் நவீன நாடகக் குழுக்கள் சில, காட்சிக்கு எடுப்பாக இருக்கிறது என்று இரும்பு வாளைக் கொண்டுவருகின்றன. அந்தக் கைகளைக் கொண்டுவருவதில்லை. சண்டையை நடிகர்களிடமே விட்டுவிடுகிறார்கள்: “நீங்களே பாத்துப் போட்டுக்குங்க தம்பி.” சினிமாவில் ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் கன்னத்தில் விடும் ஓர் அறையைக்கூடப் படம் எடுக்க மாட்டார்கள். அங்கே ஒரு ஷாட் சரியாக வந்தால் போதும், கேமரா கோணம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேடையில் அதே சண்டை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், எல்லா இருக்கையிலிருந்தும், வெட்டு ஒட்டு இல்லாமல் நடக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் வைப்பதில்லை.

பணமில்லை, நாளில்லை என்பது உண்மையான நெருக்கடி, அதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட குழுவுக்கு ‘மெக்பெத்’ பிரதியே ஒரு வழி வைத்திருக்கிறது. 1623-ல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் இந்த இடத்தில் உள்ள மேடைக் குறிப்பு விசித்திரமானது. இருவரும் சண்டையிட்டபடி வெளியே போகிறார்கள் என்று இருக்கிறது. உடனே, சண்டையிட்டபடி வருகிறார்கள், மெக்பெத் கொல்லப்படுகிறான் என்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, மக்டஃப் மெக்பெத்தின் தலையோடு வருகிறான் என்றும் இருக்கிறது. மேடையில் செத்துக் கிடக்கிறவனின் தலையை வெளியிலிருந்து எப்படிக் கொண்டுவருவது? உடலை நடுவில் இழுத்துச் செல்ல வேண்டும், அல்லது இந்தக் குறிப்புகளில் ஒன்றை விட்டுவிட வேண்டும். பல இயக்குநர்கள் தலையை விடுகிறார்கள்.

ஒத்திகைக்கு நேரமில்லாத குழு சாவை விடலாம். முதல் சுற்றை மட்டும் நாலைந்து வீச்சோடு மேடையில் வைத்துக்கொண்டு, உண்மை தெரிந்த பிறகு இருவரையும் வாளோடு உள்ளே அனுப்பிவிடலாம். பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து இரும்புச் சத்தம், ஒரு கத்தல், நிசப்தம். அதற்குப் பின் மக்டஃப் தலையோடு வரட்டும். உள்ளே அந்தச் சத்தத்தை எழுப்புபவர்கள் ஆளுக்கொரு இரும்புக் கம்பியோடு இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி நின்றால் போதும்.